54 வயசு, ஒரு மூங்கில் தொப்பி, போர்னியோ காடு... தனியா உலகம் சுத்திய இடா ஃபைஃபர்!

பாலி, வியட்நாம், தாய்லாந்துன்னு ரீல்ஸ் பார்த்துப் பார்த்து, ஒருநாள் நாமும் தனியா கிளம்பணும்னு நினைச்சிருக்கீங்களா? அப்போ ஒரு விஷயம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். முதல் தடை விசா இல்லை, பணம்கூட இல்லை... வீடு! கூட யார் வர்றாங்க, எங்கே தங்குவே, இப்போ இது அவசியமா... இப்படி வரிசையா கேள்விகள் வரும். நீங்க பெண்ணா இருந்தா கேள்விகளோட எண்ணிக்கை இரண்டு மடங்கு.

இதே கேள்விகளை 180 வருஷத்துக்கு முன்னாடி ஒரு பெண்மணி சந்திச்சார். அப்போ அவர் வயசு 44. வளர்ந்த ரெண்டு பசங்களுக்கு அம்மா. கையில பெரிய பணம் இல்லை. கூகுள் மேப் இல்லை, போர்னியோவின் உட்பகுதிக்கு அன்னைக்குச் சரியான மேப்பே இல்லை. ஆனா, அவர் கிளம்பினார். சிங்கப்பூர், போர்னியோ, ஜாவா, சுமத்ரா, சுலாவேசி, மலுக்குத் தீவுகள்னு இன்னைக்கு நாம பக்கெட் லிஸ்ட்ல எழுதி வைக்கிற இடங்களை எல்லாம் படகிலும் குதிரையிலும் கால்நடையாகவும் கடந்தார்.

பெயர், இடா ஃபைஃபர். ஊர், ஆஸ்திரியாவின் வியன்னா. அவரோட கதையைத்தான் இப்போ பார்க்கப்போறோம். ஹீரோயின் கதையா மட்டும் இல்லாம, கொஞ்சம் கேள்வியோடவும்!

பேன்ட் போட்ட சிறுமி

1797 அக்டோபர் 14 அன்று வியன்னாவில் வசதியான ஒரு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தார் இடா. சகோதரர்களோடு சேர்ந்து வளர்ந்தார். அப்பாவுக்கு ஆண், பெண் என்ற வித்தியாசம் கிடையாது. பையன்களுக்கு என்ன உடையோ, அதே உடைதான் இடாவுக்கும். எளிய சாப்பாடு, கண்டிப்பான ஒழுக்கம், ஓடியாடும் விளையாட்டு. பின்னாளில் வெறும் சோறும் தண்ணீருமாக நாள் கணக்கில் நடக்க முடிந்ததற்கு அஸ்திவாரம் இங்கேதான் விழுந்தது.

இடாவுக்கு ஒன்பது வயசு ஆகும் முன்பே அப்பா இறந்துபோனார். அம்மாவின் கணக்கு வேறு. கவுன் போடணும், பியானோ கத்துக்கணும், ஒரு பெண்ணாக அடக்கமாக இருக்கணும். அந்த மாற்றத்தைத் தாங்க முடியாமல் இடாவுக்கு உடம்பு முடியாமலே போய்விட்டது. டாக்டர் சொன்ன பிறகு, பழைய உடையையே இன்னும் சில வருஷங்களுக்குப் போட்டுக்கொள்ள விட்டார்கள். பியானோ வகுப்பிலிருந்து தப்பிக்கத் தன் விரல்களைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் அளவுக்குப் பிடிவாதக்காரி அவர்.

அப்புறம் வீட்டுக்குப் பாடம் சொல்லித்தர வந்த இளைஞர் ஒருவர் மேல் காதல் வந்தது. பயணக் கதைகளையும் பூகோளத்தையும் அறிமுகம் செய்தவர் அவர்தான். அந்தஸ்தைக் காரணம் காட்டி அம்மா மறுத்துவிட்டார். கடைசியில் 1820-ல், தன்னைவிட 24 வயது மூத்த, மனைவியை இழந்த ஒரு வழக்கறிஞரைத் திருமணம் செய்துகொண்டு லெம்பெர்க் நகரத்துக்குப் போனார் இடா. இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ்தான் அந்த ஊர்.

கணவர் நேர்மையானவர். அதிகாரிகளின் ஊழலை வெளியே கொண்டுவந்தார். அதற்குக் கிடைத்த பரிசு, வேலை போனதுதான். குடும்பம் வறுமைக்குள் விழுந்தது. பணக்காரக் குடும்பத்தில் பிறந்த இடா, யாருக்கும் தெரியாமல் இசையும் ஓவியமும் சொல்லிக்கொடுத்து இரண்டு பையன்களுக்கும் சாப்பாடு போட்டார். 1831-ல் அம்மா இறந்த பிறகு ஒரு சின்னச் சொத்து கைக்கு வந்தது. பையன்களின் படிப்புக்காக அவர்களைக் கூட்டிக்கொண்டு வியன்னா திரும்பினார். கணவர் லெம்பெர்க்கிலேயே தங்கிவிட்டார்.

இந்தக் காலகட்டத்தில்தான், மகனின் உடல்நலத்துக்காக ட்ரியெஸ்ட் துறைமுக நகரத்துக்குப் போனபோது, வாழ்க்கையில் முதன்முறையாகக் கடலைப் பார்த்தார். அவ்வளவுதான். சின்ன வயசில் உள்ளே புதைத்து வைத்திருந்த ஆசை மறுபடி எழுந்துகொண்டது. ஆனாலும் கிளம்பவில்லை. பையன்கள் படித்து முடித்து, தங்கள் காலில் நிற்கும் வரை காத்திருந்தார்.

வீட்ல சொன்ன அந்தப் பொய்

நண்பன் ரூம்ல குரூப் ஸ்டடின்னு சொல்லிட்டு ஊட்டிக்கு பைக்ல போன அனுபவம் உங்களுக்கு இருக்கலாம். இடாவும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார்.

கான்ஸ்டான்டினோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், இருக்கும் தோழியைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் சொந்தபந்தங்களிடம் சொன்னார். மனசுக்குள் இருந்த இடம் ஜெருசலேம். உயில் எழுதி வைத்துவிட்டு, 1842 மார்ச் 22 அன்று டான்யூப் நதியில் நீராவிப் படகு ஏறினார். ஜெருசலேம், எகிப்து, இத்தாலி எல்லாம் பார்த்துவிட்டு அந்த வருஷக் கடைசியில்தான் வீட்டுக்கு வந்தார்.

அந்தப் பயணக் குறிப்புகள் 1844-ல் புத்தகமாக வந்தன. முதலில் தன் பெயரைப் போடவே இல்லை. ஒரு வியன்னாப் பெண்ணின் பயணம் என்ற அளவில்தான் வெளியானது. குடும்பத்து மானம், மரியாதை என்ற பயம் அந்த ஊரிலும் உண்டு. ஆனால் புத்தகம் நன்றாக விற்றது. அதில் வந்த பணம் அடுத்த பயணத்துக்கு ஆச்சு. கன்டென்ட் போட்டு, அந்தக் காசில் அடுத்த ட்ரிப்... இன்றைய டிராவல் விலாகர்களின் அதே சக்கரம்தான்!

1845-ல் ஐஸ்லாந்து. அதற்கு முன்பு ஆங்கிலமும் டேனிஷ் மொழியும் கற்றார். பறவைகளையும் விலங்குகளையும் பதப்படுத்தக் கற்றார். அப்போதுதான் புதிதாக வந்திருந்த புகைப்படக்கலையையும் விட்டுவைக்கவில்லை. 1846 முதல் 1848 வரை முதல் உலகச் சுற்று. பிரேசில், சிலி, தஹிதி, சீனா, சிங்கப்பூர். பிறகு இலங்கையில் கண்டி வரை போய், மெட்ராஸ் வழியாகக் கல்கத்தா, காசி, டெல்லி, எல்லோரா, அஜந்தா, பம்பாய். அங்கிருந்து பாக்தாத், பாரசீகம், ரஷ்யா வழியாக வீடு. பிரேசில் காட்டுப் பாதையில் கத்தியோடு பாய்ந்த ஒருவனிடமிருந்து கையில் காயத்தோடு தப்பினார். அதற்காகப் பயணத்தை நிறுத்திவிட்டு ஊர் திரும்பவில்லை.

தலைகளுக்குக் கீழே ஒரு ராத்திரி

இப்போ நம்ம கதையின் மையத்துக்கு வருவோம்.

1851-ல் இரண்டாவது உலகச் சுற்று. ஆஸ்திரிய அரசு ஒரு சின்னத் தொகையை உதவியாகக் கொடுத்தது. லண்டன், கேப் டவுன் வழியாக மறுபடியும் சிங்கப்பூர். இன்று நாம் மெட்ரோவில் ஏறி இறங்கும் அந்தத் தீவில் அன்றைக்குப் புலிகள் ஆட்களை அடித்துக்கொண்டிருந்தன. அந்தக் காட்டுக்குள் வலையோடு இறங்கிப் பூச்சிகள் சேகரித்தார் இடா. இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. அருங்காட்சியகங்களுக்கு விற்றால் வழிச்செலவுக்குக் காசு. உயிரியலில் டார்வினுக்கு இணையாகப் பேசப்படும் வாலஸ் சிங்கப்பூர் வந்து இறங்கியது 1854-ல். அவருக்கு முன்பே இந்தப் பெண்மணி அந்தத் தீவுகளில் பூச்சி பிடித்துக்கொண்டிருந்தார்.

சிங்கப்பூரிலிருந்து போர்னியோவின் சரவாக். அங்கே ஆட்சி செய்தது ஜேம்ஸ் ப்ரூக் என்ற ஆங்கிலேயரின் குடும்பம். இடா போனபோது ப்ரூக் ஊரில் இல்லை. அவருடைய சகோதரி மகன்தான் வரவேற்றார். கூச்சிங்கில் தங்கி, ஊரைப் பார்த்துவிட்டு, வந்த கப்பலிலேயே திரும்புவதுதான் எல்லோரும் செய்வது. இடாவின் திட்டம் வேறு. லூப்பார் ஆற்றில் எதிர்நீச்சலாகப் படகில் மேலே போய், நீர்பிரி மலையைக் காலால் நடந்து கடந்து, அந்தப் பக்கம் காப்புவாஸ் ஆற்றைப் பிடித்து, மேற்குக் கடற்கரையில் இருக்கும் பொண்டியானாக் வரை போவது. காப்புவாஸ் இன்றைய இந்தோனேசியாவின் மிக நீளமான ஆறு. வழி முழுக்கத் தயாக் பழங்குடிகளின் பகுதி. எதிரிகளின் தலையை வெட்டி வீட்டில் மாட்டுவது அப்போது அவர்களிடம் இருந்த வழக்கம். போகாதீங்கன்னு எல்லோரும் தடுத்தார்கள். 1852 ஜனவரியில் இடா கிளம்பினார்.

அவர் கெட்-அப் எப்படி இருந்தது தெரியுமா? பேன்ட், அதன்மேல் முழங்காலைக் கொஞ்சம் தாண்டும் பாவாடை, ஒரு மேல்சட்டை, தலையில் பாலித் தீவின் அகலமான மூங்கில் தொப்பி. சின்ன வயசில் அம்மா கழற்ற வைத்த அந்த பேன்ட், 54 வயசில் போர்னியோ சேற்றில் திரும்ப வந்தது.

ஒரு கிராமத்தில் அவருக்குப் படுக்கக் கொடுத்த இடத்தில், புதிதாக வெட்டப்பட்ட தலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. காற்றில் அவை அசைய, ராத்திரி முழுக்கத் தூக்கமே வரவில்லை. இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆனால், அதோடு நிறுத்தவில்லை. ஐரோப்பியர்கள் மட்டும் என்ன யோக்கியமா என்று அடுத்து யோசிக்கிறார். தங்கள் வரலாற்றின் ஒவ்வொரு பக்கமும் போரும் துரோகமும்தானே, நாம் தலைகளை வீட்டில் மாட்டுவதில்லை, அவ்வளவுதானே வித்தியாசம் என்பது அவருடைய கேள்வி. நாளாக நாளாக, தான் சந்தித்த மக்களிலேயே நேர்மையான, அமைதியானவர்கள் என்று தயாக் மக்களைப் பாராட்டி எழுதினார்.

சுமத்ரா மலையில் ஒரு ஜோக்

பொண்டியானாக்கிலிருந்து இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியா. அங்கிருந்து சுமத்ராவின் படாங் துறைமுகம். கடற்கரையிலிருந்து குதிரையில் மலை ஏறி, இன்று புக்கிட்டிங்கி என்று அழைக்கப்படும் மலை ஊரைத் தாண்டி, பத்தாக் மக்களின் நாட்டை நோக்கிப் போனார். மனித மாமிசம் சாப்பிடுபவர்கள் என்று வெளியே பெயர் வாங்கியிருந்தவர்கள் அவர்கள். 1834-ல் இரண்டு அமெரிக்க மிஷனரிகள் அந்தப் பக்கம் கொல்லப்பட்டிருந்தார்கள். டச்சு அதிகாரிகள் கெஞ்சாத குறையாகத் தடுத்தும் இடா கேட்கவில்லை.

உள்ளே போகப் போக ஈட்டியும் வாளுமாகக் கூட்டம் வழிமறிக்க ஆரம்பித்தது. கழுத்தை அறுப்பதுபோலவும், கையைக் கடிப்பதுபோலவும் சைகை காட்டினார்கள். மொழி புரியாவிட்டாலும் அர்த்தம் புரியும்தானே? இடா பயந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. முன்னால் நின்ற தலைவரின் தோளில் சிரித்தபடி தட்டினார். பாதி மலாய், பாதி பத்தாக் மொழியில், நான் கிழவி, என் கறி உங்களுக்கு வேகாது, கடிக்கவே முடியாது என்கிற மாதிரி தட்டுத்தடுமாறிச் சொன்னார். முன்கூட்டியே மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியம் அது. அவருடைய உச்சரிப்புக்கும் நடிப்புக்கும் கூட்டம் சிரித்துவிட்டது. வழியும் விட்டது.

ஆனால், கதை அங்கே வெற்றியோடு முடியவில்லை. இன்று உலகம் முழுக்கத் தெரிந்த டோபா ஏரிதான் அவர் இலக்கு. சிலிண்டுங் பள்ளத்தாக்கு வரை போய்விட்டார். இன்னும் கொஞ்சதூரம்தான். அங்கே இருந்தவர்கள் ஒரு அடிகூட முன்னால் வரக்கூடாது என்று உறுதியாக நிறுத்திவிட்டார்கள். இந்த முறை ஜோக் பலிக்கவில்லை. ஏரியைப் பார்க்காமலே திரும்பினார். இந்தப் பயணத்தில் பிடித்த காய்ச்சல் அப்புறம் பலமுறை திரும்பத் திரும்ப வந்தது. மலேரியாவுக்குக் காரணமான கிருமி கண்டுபிடிக்கப்பட்டது 1880-ல். கொசுதான் பரப்புகிறது என்று நிரூபணமானது 1897-ல். இடாவின் காலத்தில் அது வெறும் கெட்ட காற்று.

பிறகு ஜாவாவில் போரோபுதூர். அடுத்து மக்காசர், ஜாதிக்காய்க்குப் பேர்போன பண்டா, அம்போன், செராம், தெர்னாத்தே. செராம் தீவின் காட்டைக் குறுக்காக நடந்து கடந்தார். 1853-ல் பசிபிக்கைத் தாண்டி சான் பிரான்சிஸ்கோ, தென் அமெரிக்கா, நயாகரா எல்லாம் பார்த்துவிட்டு 1855-ல் வியன்னா வந்தார். 1856-ல் அந்தப் பயணம் நான்கு தொகுதிகளாக வெளியானது.

அந்த இலவசத்துக்கு யார் விலை கொடுத்தாங்க?

இங்கே கொஞ்சம் நில்லுங்க. இவ்வளவு குறைந்த காசில் எப்படி இவ்வளவு தூரம் போக முடிந்தது?

சிக்கனம் ஒரு காரணம். இன்னொரு காரணம், டச்சு ஆட்சி. இந்தோனேசியத் தீவுகளில் டச்சு அதிகாரிகள் அவருக்குக் குதிரை, படகு, தங்குமிடம், கூடவே சுமைதூக்கிகளைக் கொடுத்தார்கள். கப்பல் கம்பெனிகள் பல இடங்களில் டிக்கெட் காசு வாங்கவில்லை. அதே காலத்தில்தான் ஜாவா விவசாயிகளைக் காபியும் கரும்பும் அவுரியும் பயிரிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தி, 1830 முதல் டச்சு அரசு லாபம் பார்த்துக்கொண்டிருந்தது. இடாவின் பெட்டியைச் சுமந்து மலை ஏறிய தோள்கள் யாருடையவை என்று நாம் இன்று கேட்கத்தான் வேண்டும். அவர்கள் பெயர் வரலாற்றில் இல்லை.

இன்னொன்றும் உண்டு. தலை வெட்டும் தயாக்கைப் புரிந்துகொள்ள முயன்ற அதே இடா, வேறு பல இடங்களில் மக்களின் நிறத்தையும் முகத்தையும் பற்றி மோசமாக எழுதியிருக்கிறார். ஒரு ஐரோப்பியப் பெண் என்ற மிதப்பு அவரைவிட்டு முழுதாகப் போகவே இல்லை. நாமும் வெளியூர் போய், அங்கே இருப்பவர்களின் சாப்பாட்டையும் முகத்தையும் கேலி செய்து ஸ்டோரி போடும் முன் ஒருமுறை யோசிக்கலாம். தைரியமும் மனவிசாலமும் ஒரே பையில் வருவதில்லை.

கதவைத் திறக்காத லண்டன்

பெர்லின், பாரிஸ் நகரங்களின் புவியியல் சங்கங்கள் இடாவைக் கௌரவ உறுப்பினராக்கின. பிரஷ்ய மன்னர் தங்கப் பதக்கம் கொடுத்தார். புகழ்பெற்ற விஞ்ஞானி ஹம்போல்ட் அவரை மதித்தார். ஆனால், லண்டனின் ராயல் புவியியல் சங்கம் சேர்த்துக்கொள்ளவில்லை. காரணம், பெண். அவ்வளவுதான். அந்தக் கதவு பெண்களுக்கு நிரந்தரமாகத் திறந்தது 1913-ல்.

கடைசிப் பயணம் மடகாஸ்கர். 1857-ல் அங்கே போனபோது கூட இருந்த பிரெஞ்சு வியாபாரி, ராணி ரணவலோனாவைக் கவிழ்க்கச் சதி செய்துகொண்டிருந்தார். விஷயம் வெளியே வந்தது. தலைநகரிலிருந்த ஐரோப்பியர்களை நாட்டைவிட்டே போகச் சொன்னார் ராணி. சாதாரணமாக ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும் பாதையை, காய்ச்சல் பிடுங்கும் சதுப்பு நிலங்களில் நிறுத்தி நிறுத்தி, 53 நாள் நடத்திக் கூட்டிப்போனார்கள். அந்தக் காய்ச்சலிலிருந்து இடா மீளவே இல்லை. 1858 அக்டோபரில், 61 வயது முடிந்த சில நாள்களில், வியன்னாவில் இறந்துபோனார். மடகாஸ்கர் புத்தகத்தை 1861-ல் மகன் ஆஸ்கர் வெளியிட்டார்.

1892-ல் அவரது உடல் வியன்னாவின் மத்தியக் கல்லறைக்கு மாற்றப்பட்டு மரியாதைக்குரிய இடம் கொடுக்கப்பட்டது. அதற்கு முயற்சி எடுத்தது பெண்கல்விக்காகப் பாடுபட்ட ஒரு சங்கம். அவர் சேகரித்துத் தந்த உயிரினங்கள் சிலவற்றுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஒரு நன்னீர் இறாலின் அறிவியல் பெயர் மேக்ரோபிராக்கியம் இடே. அந்த இறால் நம்ம தமிழ்நாட்டு ஆறுகள் கடலோடு கலக்கும் இடங்களிலும் வாழ்கிறது. அடுத்த முறை மீன் மார்க்கெட்டில் ஆத்து இறாலைப் பார்த்தால் இந்தப் பாட்டியை ஒருமுறை நினைச்சுக்கோங்க!

இன்னொரு டிக்கெட்

இடாவின் கதையைப் படிக்கும்போது நமக்கு முதலில் தோன்றுவது, நாமும் கிளம்பணும் என்பதுதான். கிளம்புங்க. அவர் செய்தபடி மொழி கத்துக்கோங்க, திட்டம் போடுங்க, நம்பிக்கையான ஒருவரிடம் உண்மையான ரூட்டைச் சொல்லிட்டுப் போங்க. அந்த விஷயத்தில் மட்டும் இடாவைப் பின்பற்ற வேண்டாம். உள்ளூர்க்காரர்கள் இதுக்கு மேல வராதேன்னு சொன்னால், அவரைப்போல டோபா ஏரியை விட்டுக்கொடுத்துத் திரும்பவும் தெரியணும்.

ஆனா, இன்னொன்னு இருக்கு. சின்ன வயசு ஆசையை உள்ளே பூட்டிவைத்து, பையன்கள் நிமிரும் வரை காத்திருந்து, 44 வயசில் பெட்டியைத் தூக்கியவர் ஒரு அம்மா. நம்ம வீட்டிலேயும் அந்த வயசில் ஒருவர் இருப்பார். நம்ம ட்ரிப்புக்குப் பொடியும் ஊறுகாயும் கட்டிக்கொடுத்துட்டு, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுன்னு சொல்லிட்டு வாசலில் நிற்பார். அவர் எந்தக் கடலைப் பார்க்க ஆசைப்பட்டார், எந்த மலைக்குப் போக நினைச்சார்னு நாம எப்பவாவது கேட்டிருக்கோமா?

இன்னைக்கு ராத்திரி கேட்டுப் பாருங்க. முதல்ல, எனக்கென்னப்பா ஆசை இருக்குன்னுதான் பதில் வரும். கொஞ்ச நேரம் கூடவே உட்கார்ந்திருங்க. ஒரு ஊர்ப் பேர் வெளியே வரும்.